மினோஸ் ராஜா கோட்டைய தரையில கோலமா போட்டு கதை சொல்றது எப்படி

யாங்கோன்ல மழை ஜூன்ல புடிச்சா அக்டோபர் வரைக்கும் விடாது, ஞாயித்துக்கிழமை கோயில் மண்டபத்துல தமிழ் படிக்க வர்ற புள்ளைங்கள வெளிய விளையாட விடவும் முடியாது, உள்ள உக்கார வச்சா அஞ்சு நிமிசத்துல அதுங்களுக்குள்ள பர்மா பாஷையில பேச ஆரம்பிச்சிரும். அப்பதான் கிரேக்கத்து மினோஸ் ராஜா கதைய கோலம் போட்டுக்கிட்டே சொல்லிப் பாத்தேன், ஒண்ணரை மணி நேரம் ஒருத்தனும் எந்திரிக்கல. எப்படி போட்டீங்க சயாமான்னு (பர்மா பாஷையில டீச்சரம்மாவ சயாமான்னுதான் கூப்பிடுவாங்க) ரெண்டு மூணு அம்மாங்க கேட்டாங்க, அதான் எழுதறேன்.

இந்த கோலம் நமக்கு புதுசு இல்ல. ஊர்ல ஏழு சுத்துக் கோட்டைன்னு சொல்லுவாங்களே, சுத்தி சுத்தி வளைஞ்சு நடுவுக்கு போற வழி, அதேதான், பொள்ளாச்சி பக்கம் கெடிமேட்டுல கல்லால போட்ட கோட்டை இன்னும் இருக்கு. மினோஸ் ஆண்டது கிரீட் தீவு, அங்க க்னோசோஸ்னு ஒரு ஊரு, அந்த ஊர்க்காரங்க கிமு காலத்துல அடிச்ச வெள்ளிக்காசுலயும் இதே வளைவு இதே வாசல். கிரேக்கத்துல பைலோஸ்ங்கற இடத்துல கிடைச்ச களிமண் பலகைக்கு சுமார் 3200 வயசு, அதோட பின்பக்கத்துல யாரோ வேலை நேரத்துல போரடிச்சு இதையே கிறுக்கி வச்சிருக்காங்க (அது சதுரமா இருக்கும், கெடிமேட்டுல இருக்கற மாதிரி).

சரி வேலைக்கு வருவோம். முதல் தடவை சாக்பீஸ்ல போடுங்க, கை வந்தப்புறம் மாவு. கோட்டுக்கு கோடு நாலு விரல் இடைவெளி வச்சா மொத்தம் நாலடி அகலம் வரும், அது விரலால நடக்கத்தான். காலால நடக்கணும்னா ஒரு அடி இடைவெளி விட்டு பதினஞ்சு அடி அகலம் வேணும், எங்க மண்டபத்துல அவ்ளோ காலி இடம் ஏது.

நடுவுல ஒரு கூட்டல் குறி போடுங்க. அதோட வலது மேல் கட்டத்துல ஒரு ட, நாம எழுதற அதே ட. மத்த மூணு கட்டத்துலயும் அதே ட-வ திருப்பிப் போடணும், மூலை கூட்டலோட நடுவ பாக்கணும், கை ரெண்டும் வெளிய பாக்கணும். அப்புறம் ஒவ்வொரு ட-வும் தொறந்திருக்கற பக்கம், சதுரத்தோட மூலையில, ஒரு புள்ளி. இப்ப சுத்தி எண்ணுங்க, கூட்டல்ல 4 முனை, ட-வுல 8, புள்ளி 4, ஆக 16 முனை. எண்ணிக்கை தப்பினா அழிச்சிட்டு மறுபடி போடுங்க, பாதியில சரி பண்ணிக்கலாம்னு நெனச்சா வீணாப்போயிரும்.

16 முனைன்னா 8 வளைவு. முதல் வளைவு குட்டி, கூட்டலோட தலையில இருந்து அதுக்கு வலது பக்கம் ஒட்டி இருக்கற ட முனைக்கு. ரெண்டாவது, கூட்டல் தலைக்கு இடது பக்கத்து முனையில ஆரம்பிச்சு முதல் வளைவ தாண்டி வலது மேல் புள்ளிக்கு. மூணாவது இடது மேல் புள்ளியில இருந்து வலது பக்கம் அடுத்த ட முனைக்கு. இதுக்கு மேல மூளைக்கு வேலையே இல்ல, இடப்பக்கம் அடுத்த காலி முனை, வலப்பக்கம் அடுத்த காலி முனை, மேல ஒரு வளைவு, இப்படியே கீழ இறங்கிக்கிட்டே வரணும். எட்டாவது எல்லாத்தையும் சுத்திக்கிட்டு வந்து கூட்டலோட கால்ல முடியும். அந்த காலுக்கு இடது பக்கம் இருக்கற சந்துதான் வாசல்.

நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க. கூட்டல இடத்துக்கு சரியா நடுவுல போட்டுட்டேன், ஆறாவது வளைவு போய் சுவத்துல முட்டுது, ஒரு வாலு சுவத்து மேலயும் இழுத்துட்டான், அத தொடைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கோலம் மேல பாத்துதான் வளரும், கீழ கொஞ்சம்தான் போகும், அதனால கூட்டல கீழ தள்ளி, நூலளவு இடது பக்கமா வைங்க.

கதைய வளைவுக்கு ஒரு துண்டுன்னு வெட்டிக்கங்க, கோடு எவ்ளோ நீளமோ கதையும் அவ்ளோ நீளம். குட்டி வளைவுக்கு, தேவராஜன் சீயஸுக்கும் யூரோப்பாவுக்கும் பொறந்தவன் மினோஸ், அவ்ளோதான். ரெண்டாவதுல, நான்தான் ராஜான்னு ஊர் நம்பணும், ஒரு காளைய அனுப்பு, உனக்கே பலி குடுத்துடறேன்னு கடல் சாமி பொசைடன்கிட்ட வேண்டிக்கறான், வெள்ளை வெளேர்னு காளை வருது, பாத்ததும் ஆசை வந்து அத தொழுவத்துல கட்டிட்டு வேற மாட்ட வெட்டிடறான். நேந்துக்கிட்ட கடாவ மாத்துனா என்ன ஆகும்னு நம்ம புள்ளைங்களுக்கு சொல்லித் தர வேண்டியதே இல்ல, "போச்சு"ன்னு அதுங்களே சொல்லிரும். மூணாவதுல, சாமி கோவத்துல ராணி பாசிஃபேக்கு காளைத் தலையோட மினோட்டார் பொறக்குது, எப்படி பொறந்துச்சுன்னு நிக்காதீங்க, வேகமா வளைச்சுட்டு போயிருங்க. நாலாவதுல டெடலஸ்ங்கற தச்சன் மினோட்டார அடைச்சு வைக்க கோட்டை கட்டறான். அஞ்சாவதுல மினோஸோட மகன் ஏதென்ஸ்ல செத்ததுக்கு ஈடா 7 பையன் 7 பொண்ணுன்னு அந்த ஊர் புள்ளைங்க மினோட்டாருக்கு இரையா வர்றாங்க. ஆறாவதுல மினோட்டார கொல்ல வர்ற ஏதென்ஸ் வீரன் தீசியஸ், வழி தப்பாம திரும்பி வர அவனுக்கு நூல்கண்டு குடுக்கற ராஜா மக அரியாட்னே. ஏழாவது டெடலஸும் அவன் மகனும் மினோஸ்கிட்ட இருந்து தப்பிக்க மெழுகு ரெக்கையில பறந்தது.

எட்டாவதுதான் நீளம், அதுக்குன்னு ஒரு கதைய ஒளிச்சு வச்சுக்கங்க. டெடலஸ் சிசிலியில கோகலஸ் ராஜாகிட்ட பதுங்கிட்டான். மினோஸ் ஒரு சுருட்டைச் சங்க எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போறான், இதுக்குள்ள நூல் கோத்து குடுக்கறவனுக்கு பரிசுங்கறான், இத செய்யற மூளை ஒருத்தனுக்குத்தான் உண்டுன்னு அவனுக்கு தெரியும். கோகலஸ் சங்க வாங்கிட்டு உள்ள போறான், டெடலஸ் சங்கு நுனியில ஓட்டை போட்டு, எறும்பு ஒண்ண புடிச்சு நூல கட்டி உள்ள விடறான், அது சுத்தி சுத்தி அந்தப் பக்கம் வந்துருது. மினோஸ் கண்டுபுடிச்சிட்டான், ஆனா குளிச்சிட்டு வாங்கன்னு கூட்டிட்டுப் போன கோகலஸ் பொண்ணுங்க கொதிக்கற தண்ணிய ஊத்தி கதைய முடிச்சிட்டாங்க. செத்தப்புறம் பாதாள லோகத்துல நீதிபதி ஆயிட்டான்னதும் எங்க வகுப்புல பெரிய சண்டை, வேண்டுதல ஏமாத்துனவனுக்கு எப்படி அந்த வேலை குடுத்தாங்கன்னு.

அப்புறம் ஒவ்வொருத்தரா விரல வச்சு நடக்க விடுங்க. வெளிய இருந்து எண்ணினா முதல்ல மூணாவது சந்து, அப்புறம் ரெண்டு, ஒண்ணு, அதாவது உள்ள போறோம்னு நெனச்சா வெளிய தள்ளி விட்டுரும். அடுத்து நாலு, அங்க இருந்து திடீர்னு ஏழு, மினோட்டார்னு நடுவுல நான் வச்ச புளியங்கொட்டை கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும், கத்துவாங்க, ஆனா வழி மறுபடி ஆறு அஞ்சுன்னு விலகிப் போய்தான் நடுவுல சேரும். வழி ஒண்ணே ஒண்ணு, தப்பு வழியே கிடையாது. "அப்ப நூல் எதுக்கு சயாமா?"ன்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க, சரியான கேள்வி. கதையில வர்ற கோட்டைதான் ஆள கொழப்பறது, காசுல இருக்கறது ஒத்த வழின்னு சொல்லிட்டிருக்கும்போதே கரண்டு போயிருச்சு. இருட்டுல தடவி வந்து காட்டுன்னேன், ரெண்டாவது திருப்பத்துலயே நூல் கேட்டான்.

மாவுல போட்டா அரிசி மாவே போடுங்க, கல்லுமாவு வேணாம். நான் போட்ட மறுநாள் காலையில போய் பாத்தா எறும்பு வரிசை கட்டியிருக்கு, ஒண்ணு கூட வாசல் வழியா வரல, எட்டு வளைவையும் குறுக்க ஏறித் தாண்டி நேரா நடுவுக்கு.