பூட்ஸ்ட்ராப் கொண்டு திரைக்கேற்ற வலைப்பக்கம் அமைக்கும் முறை

கைப்பேசி, மடிக்கணினி, அகன்ற மேசைத்திரை ஆகிய எதில் திறந்தாலும் ஒரே பக்கம் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் வடிவமைப்புக்கு, 2010இல் ஈத்தன் மார்கோட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயரிட்டார். ட்விட்டரில் பணியாற்றிய மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் உருவாக்கிய பூட்ஸ்ட்ராப், அதாவது இத்தகைய பக்கங்களுக்கான ஆயத்த சிஎஸ்எஸ் கிளாஸ்களின் தொகுப்பு, அடுத்த ஆண்டே வெளிவந்தது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை தெரிந்த எவரும் இதைக் கற்கலாம். ஆனால், திரையின் அகலத்துக்கேற்ப சிஎஸ்எஸ் விதிகளை மாற்றும் மீடியா கொயரியை ஒருமுறையேனும் கைப்பட எழுதிப் பார்த்துவிட்டு வருவதே நல்லது; கிளாஸ் பெயர்களுக்குப் பின்னால் நடப்பது அப்போதுதான் விளங்கும்.

2021இல் வந்த 5ஆம் பதிப்புக்கு ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தேவையில்லை. அதன் ஆவணத்தில் உள்ள சிடிஎன் இணைப்பை (கோப்பை இணையத்திலிருந்தே எடுத்துத் தருவது) ஹெட் பகுதியில் ஒட்டினால் போதும். அங்கேயே, பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்தோடு பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், கைப்பேசி உலாவி பொதுவாக பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதி வரைந்து, பிறகு திரைக்குள் அடக்கிச் சுருக்கிவிடும். நீங்கள் எழுதிய கிளாஸ்கள் சரியாகவே இருந்தாலும் பலன் தராது.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம், பக்கத்தை வரிசைகளாகவும் (ரோ) நெடுவரிசைகளாகவும் பிரிக்கும் கிரிட். கன்டெய்னருக்குள் ரோ, ரோவுக்குள் நெடுவரிசைகள், அவற்றுக்குள்தான் உள்ளடக்கம் என்ற ஒழுங்கு மாறக் கூடாது. ரோவுக்கு இருபுறமும் எதிர்மறை மார்ஜின் உண்டு. கன்டெய்னரின் பேடிங்தான் அதை ஈடுசெய்கிறது. எனவே கன்டெய்னரை விட்டுவிட்டால் பக்கம் பக்கவாட்டில் நகரத் தொடங்கும்.

ஒவ்வொரு ரோவும் 12 பங்குகளாகப் பிரிகிறது. மூன்று அட்டைகளை அடுக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றின் நெடுவரிசைக்கும் கால்-12, கால்-எம்டி-6, கால்-எல்ஜி-4 (col-12, col-md-6, col-lg-4) என்ற மூன்று கிளாஸ்களையும் கொடுங்கள்; கடைசி எண், 12இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. கைப்பேசியில் அட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். 768 பிக்சலிலிருந்து வரிசைக்கு இரண்டாகி, மூன்றாவது அட்டை கீழே இறங்கும். 992 பிக்சலிலிருந்து மூன்றும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். எம்டி என்பது ‘768 பிக்சலும் அதற்கு மேலும்’ என்று பொருள்படுமே தவிர, டேப்லெட்டுக்கு மட்டுமான கட்டளை அன்று. இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற கிளாஸ்கள் தாமாகவே புரியும். ஆகவே சிறிய திரைக்கு முதலில் எழுதி, அகலம் கூடும்போது எது மாற வேண்டுமோ அதை மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள். பெரிய திரைக்கு எழுதிவிட்டுக் கைப்பேசிக்காகத் திருத்துபவர்கள் தேவையில்லாத கிளாஸ்களைக் குவித்துவிடுகிறார்கள்.

இதே எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். நெடுவரிசைகளுக்கிடையே பக்கவாட்டில் இடைவெளி இயல்பாகவே கிடைக்கும், மேலும் கீழும் கிடைக்காது. கைப்பேசியில் அட்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். ரோவுக்கு ஜி-4 (g-4) என்ற கிளாஸைச் சேர்த்தால் சரியாகும். அட்டைகளின் உயரம் ஒத்திருக்க, அட்டைக்கு எச்-100 (h-100) கொடுங்கள்.

படங்கள் இடத்துக்கேற்பச் சுருங்க ஐஎம்ஜி-ஃப்ளூயிட் (img-fluid) போதும். அகன்ற அட்டவணையை டேபிள்-ரெஸ்பான்சிவ் (table-responsive) என்ற கிளாஸ் கொண்ட டிவ்வுக்குள் வையுங்கள். சுருங்கி விரியும் நாவ்பாருக்கு, அதாவது மெனுப் பட்டைக்கு, பூட்ஸ்ட்ராப்பின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் வேண்டும். தமிழில் எழுதும்போது நீண்ட சொற்கள் குறுகிய அட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் வாய்ப்பு அதிகம். அங்கே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் டெக்ஸ்ட்-பிரேக் (text-break) கைகொடுக்கும்.

சோதிக்கும்போது, உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் கைப்பேசி மாதிரிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், 320 பிக்சலில் தொடங்கி 1400 வரை அகலத்தை மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். குறிப்பாக 768, 992 ஆகியவற்றை எட்டுவதற்குச் சற்று முன்பு நிறுத்திப் பாருங்கள். பக்கம் பெரும்பாலும் குலைவது அங்கேதான். நிறம், எழுத்துரு போன்ற உங்கள் மாற்றங்களைத் தனி சிஎஸ்எஸ் கோப்பில் எழுதி, பூட்ஸ்ட்ராப் இணைப்புக்குப் பின்னால் சேருங்கள். மூலக் கோப்பைத் தொட்டால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது அவை அனைத்தும் அழிந்துபோகும்.