கல்ஃப் சீக்கோவும் நேற்று அடித்த டயலும்

நம்மூரில் பழைய வாட்ச் விற்க வருபவர் கூடவே ஒரு கதையும் கொண்டுவருவார். "மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது, பீரோவிலேயே கிடந்தது." குமரி மாவட்டத்துக்கு அப்படி வந்த ஜப்பான் சீக்கோ வாட்ச்கள் நிறைய உண்டு என்பதால் பொய்யென்று தள்ளவும் முடியாது. ஆனால் கதைக்குக் காசு கொடுப்பதுதான் முதல் தவறு. நானும் கொடுத்திருக்கிறேன்.

தக்கலையில் ஒருவரிடம் ஆரஞ்சு டயல் சீக்கோ 5 வாங்கினேன். டயல் அப்படிப் பளபளத்தது. நாகர்கோவிலில் வழக்கமாகப் போகும் ரிப்பேர் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்துவிட்டு, "பாடி பழசு மக்ளே, டயலு நேத்து அடிச்சது" என்றார். நானும் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் மை ஊறியதுபோல் தடித்திருந்தது. டயலில் 21 ஜுவல்ஸ் (மெஷினுக்குள் தேய்மானம் குறைக்கும் கற்கள்) என்று போட்டிருந்தது. பின்மூடியைத் திறந்தால் ரோட்டரில், அதாவது உள்ளே சுழலும் தகட்டில், மெஷின் எண் 7009ஏ, 17 ஜுவல்ஸ்!

ஆகவே திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். திறக்க விடாதவரிடம் பேரமே வேண்டாம். சீக்கோ பின்மூடியில் உள்ள மாடல் எண்ணில் சிறு கோட்டுக்கு (-) முன்னால் உள்ள நான்கு இலக்கம்தான் மெஷின் எண். டயலின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணும் பொதுவாக அதிலேயே தொடங்கும். சீரியல் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 84 என்றால் ஏப்ரல் 1978 ஆகலாம், 1988 ஆகலாம்; மாடலை வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும்.

ஒளிரும் பூச்சைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். பழைய சுவிஸ் வாட்ச்களில் டயலின் அடியில் 'சுவிஸ் மேட்' என்பதன் இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு என்று அர்த்தம். அதன் வீரியம் சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அறுபதுகளின் வாட்ச் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால், பிறகு யாரோ பூசியிருக்கிறார்கள். முள் ஒளிர்ந்து டயல் ஒளிராவிட்டால் முள்ளை மாற்றியிருக்கலாம், அல்லது அதில் மட்டும் பிறகு பூசியிருக்கலாம்.

எச்.எம்.டி.யின் பைலட் மாடல் என்றால் கறுப்பு டயல்தான் நினைவுக்கு வரும். மஞ்சளிலும் ஆரஞ்சிலும் புத்தம் புதிதாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். அதிலும் குளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் 40 வருடம் கிடந்தது என்கிறார்கள், சாவித் தண்டில் துளி துரு இல்லை என்றால் எப்படி?

டயல் மாற்றிய வாட்ச் கூடவே கூடாது என்றில்லை. தினமும் கட்ட வாங்கலாம், ஆனால் ஒரிஜினல் விலைக்கு அல்ல. என் ஆரஞ்சு சீக்கோ இப்போதும் கையில்தான் இருக்கிறது; ஒரு நாளில் ஒரு நிமிடம் வேகமாக ஓடுகிறது.