கீழவீட்டு மாமியை வைத்துக்கொண்டு பார்சல் வாங்குவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து உள்ளே போகும் ஒரு விளையில் (தோப்பும் வீடுகளுமான சிற்றூர்) எங்கள் வீடு. நான் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். சேலை ஃபால்ஸ், லேஸ், பட்டன், ஜிப் எல்லாம் சூரத்திலிருந்து வரவழைக்கிறேன். அதோடு பிள்ளைகளின் சாமான்களும் சேர்ந்தால், பார்சல் பைக் வராத வாரமே கிடையாது. எங்கள் வீட்டுக்கு ஒற்றை வழிதான், அதுவும் கீழவீட்டு முற்றத்தை ஒட்டி வருகிறது. மாமி அங்கேதான் உட்கார்ந்திருப்பார். டப்பா எவ்வளவு பெரிது, பையன் எவ்வளவு ரூபாய் கேட்டான் என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். நான் டேப்பைக் கிழிக்கும் முன் கருங்கல் ஊரில் இருக்கும் என் மாமியாருக்கு போன் போயிருக்கும். ராத்திரி ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர் கேட்பார், "என்ன, இன்னைக்கு பெரிய டப்பாவாமே?"

இந்தத் தொல்லை உள்ளவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சண்டை போடும் வழி இதில் இல்லை. ஒரே வழியில் போய் வரும் இரண்டு வீடுகள் முகம் முறித்துக்கொண்டால் நஷ்டம் இரண்டு பேருக்கும்தான். மாமிக்கு எது தெரியலாம், எது தெரிய வேண்டாம் என்பதை மாமி முடிவு செய்யாமல் நாம் முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் முகவரி. பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். நம் மாவட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று விளைகள் இருக்கும். கதவு எண்ணும் வரிசையாகப் போகாது. 4/72-க்குப் பக்கத்தில் 4/72ஏ இருக்கும் என்று நம்பிப் போனால் அது ஒரு தோட்டம் தாண்டி இருக்கும். அதனால் புதுப் பையன் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வழியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பான். உட்கார்ந்திருப்பவர் யார்? மாமி. "அந்த தையல்காரி வீடா? இங்க குடு மக்களே, நான் குடுத்துக்கிடுதேன்." முடிந்தது கதை.

அவன் யாரிடமும் கேட்காமல் வந்து சேர வேண்டும். முகவரியில் அடையாளமாகப் பக்கத்து வீட்டுப் பெயரையோ, அந்த வீட்டுப் பெரியவர் பெயரையோ எழுதாதீர்கள். குருசடி (வழியோரச் சிலுவைக் கோயில்), கோயில், ரேஷன் கடை, சானல் பாலம் என்று இடம் மாறாத ஒன்றை எழுதி, அதிலிருந்து இடப்பக்கமா வலப்பக்கமா, கேட் என்ன நிறம் என்பதையும் சேருங்கள். பின்கோடில் கவனம் வேண்டும். மாவட்டத்தில் எல்லாமே 629 என்று தொடங்குவதால் பலரும் பக்கத்து டவுன் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். தக்கலை 629175, மார்த்தாண்டம் 629165. உங்கள் வீட்டுக்குத் தபால் கொண்டுவருவது எந்த அஞ்சலகமோ அதன் எண்தான் வேண்டும், பஸ் ஏறும் ஊரின் எண் அல்ல. எண் மாறினால் டப்பா வேறு கிளைக்குப் போய்விட்டு, பிறகு யார் யாரையோ விசாரித்துக்கொண்டு வரும்.

செயலியில் வரைபடப் புள்ளி வைக்கும்போது வீட்டுக்குள் இருந்து வைக்காதீர்கள். ஓட்டு வீடானாலும் கான்கிரீட் ஆனாலும் உள்ளே ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளிக் காட்டும். நம் ஊரில் கொஞ்சம் தள்ளினால் அது கீழவீடுதான். கேட்டுக்கு வெளியே, தென்னை மறைக்காத இடத்தில் நின்று வையுங்கள். 2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. விளைகளுக்கு அது ரொம்பப் பொருத்தம். ஆனால் எங்கள் பக்கம் வரும் பையன்களுக்கு வாட்ஸ்அப் லொகேஷன்தான் பழக்கம். எனவே வழக்கமாக வருகிறவன் எண்ணைப் பதிந்து வைத்து, ஒரு தடவை லொகேஷன் அனுப்பிவிடுங்கள். வெயிலில் வருகிற பிள்ளை, ஒரு சாயா கொடுத்தால் அடுத்த தடவை நேராக நம் கேட்டில்தான் வந்து ஹாரன் அடிப்பான்.

டெலிவரி குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் "கூப்பிடவும், வேறு வீட்டில் கொடுக்க வேண்டாம்" என்று எழுதலாம். எல்லாரும் படிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இனி டப்பா. மாமி டப்பாவைப் பிரிப்பதில்லை, லேபிளைத்தான் படிக்கிறார். அனுப்பியவர் பெயர், நம் போன் எண், சில நேரம் உள்ளே இருக்கும் பொருள், டெலிவரியின்போது காசு என்றால் கொட்டை எழுத்தில் தொகை. எனவே மாமி வழியாக வர வாய்ப்புள்ள எதற்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். தொகை லேபிளில் இருக்காது, "ரெண்டாயிரத்து நூறு ரூவாயாம்" என்ற பேச்சும் வராது. மிக்சி, குக்கர் மாதிரியானவை சொந்தப் படம் போட்ட பெட்டியிலேயே வந்து இறங்கும். அதை மறைக்க ஒரு வழியும் இல்லை. நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவரலாமே என்று சொல்வார்கள். பஸ்ஸில் வந்தால் மாமி மட்டுமில்லை, வழியில் ஏறி இறங்குகிற ஊரே பார்க்கும்.

காலி டப்பாவை வேலி ஓரம் போடுவதற்கு முன் லேபிளைக் கவனியுங்கள். இது மாமிக்காக மட்டுமல்ல. பெயர், போன் எண், வாங்கிய கடை மூன்றும் ஒரே காகிதத்தில் கிடைத்தால், "உங்க பார்சலில் பிரச்சினை, இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று கூப்பிடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? கிழிக்க வராத லேபிள் மேல் அயர்ன் பாக்ஸை லேசாக வைத்து எடுங்கள். பெரும்பாலான கூரியர் லேபிள்கள் சூட்டில் அச்சாகும் காகிதம், சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை உரித்துவிட்டுச் செய்யுங்கள். தையல் வீட்டில் அயர்ன் பாக்ஸ் எப்போதும் சூடாக இருக்கும் என்பதால் எனக்கு இது கண்ணிமைக்கும் வேலை. அப்படி ஏமாற்று போனில் யாராவது காசை விட்டுவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

சரி, மாமியிடம் வருவோம்.

அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பகல் முழுக்க வீட்டில் தனியாள். மத்தியானம் மீன்காரி வந்து போன பிறகு அந்த வழியில் நடக்கிற ஒரே சமாச்சாரம் நம் பார்சல் பைக்தான். அவர் துப்பறியவில்லை, பேச ஒரு விஷயம் தேடுகிறார். தானாக ஒரு துணுக்கு கிடைத்துவிட்டால் தோண்ட மாட்டார். எனவே பைக் வருவதற்கு முன் காலையிலேயே நானே வேலிக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்: "மாமி, இன்னைக்கு லேஸ் கட்டு ஒண்ணு வரும். பையன் வந்தா எங்க வீட்டுக்கு அனுப்பி விடுங்க." இப்போது அவர் காவல்காரர் ஆகிவிட்டார். விசாரிக்க ஒன்றுமில்லை, பொறுப்பு மட்டும் இருக்கிறது. பொறுப்பு கொடுத்தால் ஆள் எப்படி மாறுகிறார் என்று செய்து பார்த்தால் தெரியும்.

பொய் மட்டும் சொல்லாதீர்கள். "ஆபீஸ் பேப்பர் மாமி" என்று சொன்ன டப்பாவிலிருந்து வந்த சுடிதாரை ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு போனால், அந்த ஒரு பொய்யை வைத்து ஒரு மாதம் ஓட்டுவார். உண்மையில் சின்ன பாகத்தைச் சொன்னால் போதும்.

விலையைக் கேட்பார், கட்டாயம் கேட்பார். "எவ்வளவு மக்களே ஆச்சு?" என்று வரும்போது தொகை சொல்ல வேண்டியதில்லை, முகத்தைத் திருப்பவும் வேண்டியதில்லை. "ஆஃபர்ல கெடந்துது மாமி, எல்லாம் தையல் காசுல தள்ளிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு அவருடைய முட்டு வலியைப் பற்றிக் கேளுங்கள். பேச்சு அரை மணி நேரத்துக்கு வேறு பக்கம் போய்விடும். சிலர் "உங்களுக்கும் ஏதாவது போட்டுத் தரட்டா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அது நல்ல குணம்தான், ஆனால் விதியோடு செய்யுங்கள். அவருக்கான ஆர்டர் அவருடைய முகவரிக்கு, அவருடைய எண்ணுக்கு, டெலிவரியின்போது காசு. நம் கணக்கில் நம் காசில் போட்டால், அளவு பத்தாத நைட்டியைத் திருப்பி அனுப்புகிற வேலையும் நம் தலையில்தான் விழும். அதோடு நம் செயலியில் பழைய ஆர்டர் பட்டியலை அவர் விரலால் தள்ளிப் பார்க்கிற வாய்ப்பும் கிடைக்கும்.

வீட்டு ஆட்களுக்கு நாமே முதலில் சொல்லிவிடுவது இன்னொரு வழி. ஏதாவது பெரியதாக வாங்கினால், ஆர்டர் போட்ட அன்றே மாமியாருக்கு போன் செய்து சொல்லிவிடுவேன். பிறகு கீழவீட்டிலிருந்து போகிற செய்திக்கு அங்கே கிடைக்கிற பதில், "ஆமா, எனக்குத் தெரியுமே." செய்தி கொண்டுபோகிறவருக்கு இதைவிடச் சப்பென்று ஆக்குகிற பதில் கிடையாது. வீட்டுக்காரருக்கும் அப்படியே.

டப்பாவைப் பிரித்தே பார்த்துவிடுகிற ஆட்களும் உண்டு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பழியை நம் மேல் வைத்துக்கொள்ளாமல் விற்றவன் மேல் போடலாம்: "மாமி, பிரிச்ச டப்பாவைக் கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். பிரிக்கும்போது நானே வீடியோ எடுக்கணுமாம்." இது வெறும் சாக்கும் அல்ல. உடைந்து வந்தது, குறைந்து வந்தது என்று புகார் செய்தால் பிரிக்கும் வீடியோ கேட்கிற விற்பனையாளர்கள் நிறைய. லேபிள் தெரியத் தொடங்கி, டேப் அறுத்து, பொருள் வெளியே வரும்வரை நிறுத்தாமல் எடுத்து வையுங்கள்.

கேமரா வைக்கலாமா என்று கேட்பார்கள். வையுங்கள், ஆனால் நம் கேட்டையும் நம் படியையும் மட்டும் பார்க்கும்படி. கீழவீட்டு முற்றம் அதில் விழுந்தால், எட்டிப் பார்க்கிறவர் யார் என்ற கேள்வி நம் பக்கம் திரும்பிவிடும்.

இவ்வளவு சொன்னாலும் மாமி வேண்டும். நமக்கு இடவப்பாதியிலும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம்) மழை, ஐப்பசியிலும் மழை. நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் கேட்டில் தொங்கவிட்டுப் போன பார்சல் சொதசொதவென்று ஆகிவிடும். அப்போது கீழவீட்டுத் திண்ணைதான் காப்பாற்றும். எனவே எதை அவரிடம் கொடுக்கச் சொல்லலாம், எதைக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். துணி, பாத்திரம், புத்தகம், லேஸ் கட்டு எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். மருந்து, போன், நகை, வங்கி அட்டை ஆகியவை கூடாது. பாஸ்போர்ட்டில் இந்தக் குழப்பமே இல்லை. ஸ்பீடு போஸ்ட்டில் வரும், உரியவரிடம் அடையாளம் பார்த்துத்தான் தபால்காரர் கொடுப்பார். மற்ற ஸ்பீடு போஸ்ட் வரும்போது ஆள் இல்லையென்றால் அது அஞ்சலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கும். அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். நாள் கடத்தினால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

ஓடிபி கேட்கும் பார்சலில் ஒரு விஷயம். "எக்கா, நம்பர் சொல்லுங்க, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று பையன் வழியிலிருந்தே கேட்டால் சொல்லாதீர்கள். அந்த நம்பர்தான் நம் கையெழுத்து. சொன்ன நிமிடமே டப்பா நமக்கு வந்து சேர்ந்ததாகக் கணக்கு. மாமி வாங்குவதாக இருந்தால், டப்பா அவர் கையில் வந்ததும் அவரே போனில் "வாங்கியாச்சு" என்று சொன்ன பிறகுதான் நம்பரைச் சொல்ல வேண்டும். விலை கூடிய சாமானைப் பிரித்துக் காட்டித் தருகிற வசதி இருந்தால், உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

அப்புறம், நாம் கேட்காத பார்சல். பெயர், முகவரி எல்லாம் சரியாக இருக்கும். "599 ரூபாய் தரணும்" என்பான் பையன். பாவம் மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவி என்று தன் காசைக் கொடுத்துவிடுவார். உள்ளே ஒன்றுக்கும் உதவாத ஏதோ இருக்கும். இதற்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "நான் போன் பண்ணிச் சொல்லாம யாருக்கும் ரூவா குடுக்காதீங்க மாமி." வாங்காமல் திருப்பி விடுவதுதான் சுலபம். காசு போய்விட்டது, விற்றவனும் பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாமியே வேண்டாம், வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஜங்ஷனில் ஒரு கடையைப் பேசி வையுங்கள். சாயாக்கடை ஆகாது. அங்கே வைத்த டப்பாவைத் தொட்டுப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மெடிக்கல் கடையும் ஜெராக்ஸ் கடையும்தான் என் தேர்வு. ஊராரின் வியாதியையும் ஆதாரையும் தினமும் பார்க்கிறவர்கள், நம் டப்பாவில் அவர்களுக்கு என்ன ஆசை இருக்கப்போகிறது?

கடைசியாக, திருப்பி அனுப்புவது. வருகிறதைவிட இதைத்தான் மாமி கூர்ந்து பார்ப்பார், "என்ன, புடிக்கலியா?" என்று. டப்பாவை உள்ளேயே ஒட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், முற்றத்தில் வைத்து மடிக்காதீர்கள். பையனிடம் கொடுக்கும் முன் பொருளையும் டேப் ஒட்டிய டப்பாவையும் போட்டோ எடுங்கள். எடுத்துக்கொண்டதற்கான செய்தி போனில் வந்த பிறகே அவனை அனுப்புங்கள். காசு வங்கிக்குத் திரும்பும்வரை அந்தச் செய்தியை அழிக்கக் கூடாது. மாமிக்கு, "அளவு பத்தல" என்று மட்டும் சொன்னால் போதும்.