டோராயாக்கி கேட்கும் பிள்ளைக்குச் சமைக்கும்போது சறுக்கும் இடங்கள்

டோரேமான் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் என்றாவது ஒருநாள் "எனக்கும் டோராயாக்கி வேணும்" என்ற கோரிக்கை வந்தே தீரும். 1969 இறுதியில் ஜப்பானில் காமிக்ஸாகத் தொடங்கிய அந்தக் கதையில், நீலப் பூனை ரோபோவான டோரேமானை வழிக்குக் கொண்டுவர சிறுவன் நோபிதா அடிக்கடி நீட்டுவது அதைத்தான். இரண்டு சின்ன பான்கேக்குகளுக்கு நடுவே இனிப்புப் பயற்றுப் பூரணம், அவ்வளவுதான் பண்டம்.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்கிற தவறு ஆசைப்பட்டுப் பந்தி விரிப்பது. டோராயாக்கி, அரிசி உருண்டை, நூடுல்ஸ் சூப், போதாக்குறைக்கு நீல ஜூஸ். புது ருசி நான்கு ஒரே தட்டில் வந்தால் பிள்ளை இரண்டு வாய் கடித்துவிட்டுத் தயிர்சாதம் கேட்கும். மாலை முழுக்க நின்றவருக்குக் கோபம் வரும். கதையிலிருந்து ஒரு பண்டம் போதும், மற்றதெல்லாம் வழக்கமான சாப்பாடாகவே இருக்கட்டும். டோராயாக்கி ஜப்பானிலும் டீயோடு சாப்பிடும் தின்பண்டம்தான். சாதத்துக்கு அது மாற்று இல்லை. சாப்பாட்டிலேயே ஜப்பான் வேண்டுமென்றால் அரிசி உருண்டை செய்யலாம், ஆனால் பொன்னியும் பாஸ்மதியும் உதிர்ந்துவிடும். பச்சரிசியைக் கொஞ்சம் கூடுதல் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூடு கை பொறுக்கும்போதே உப்புத் தண்ணீர் தொட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பூரணத்துக்கு வருவோம். ஜப்பானியர் போடுவது அசுகி என்ற சின்னச் சிவப்புப் பயறு. அதை ஆன்லைனில் தேடி அலைய வேண்டாம்; நம் சிவப்புக் காராமணி அதற்கு நெருங்கிய சொந்தம். இரவே ஊறவைத்து, குக்கரில் நன்றாகக் குழையவிட்டு, மசித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறினால் ஆயிற்று. தவறு நடப்பது இங்கேதான்: கை தன்னால் வெல்லத்துக்கும் ஏலக்காய்க்கும் போய்விடும். அப்புறம் அது அருமையான சுழியப் பூரணம், டோராயாக்கி கிடையாது. பிள்ளை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடும். சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் மட்டும் போடுங்கள். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிய வேண்டும், அந்தப் பதம் வந்ததும் இறக்கி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு வைத்தால் பான்கேக் நசநசத்துப் போகும்.

மாவுக்கு 2 முட்டை, 80 கிராம் சர்க்கரை, 1 மேசைக்கரண்டி தேன், 120 கிராம் மைதா, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, கொஞ்சம் தண்ணீர். கலக்கி 15 நிமிடம் வைக்க வேண்டும். சுடும்போது தோசை சுடுகிற புத்தியை ஓரமாக வைத்துவிடுவது நல்லது. எண்ணெய் ஊற்றினால் மேற்புறம் புள்ளி புள்ளியாகும். படத்தில் பார்த்த சீரான பழுப்பு வராது. நான்-ஸ்டிக் தவாவில் துளி எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்தே எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, ஒரே இடத்தில் மாவை ஊற்றுங்கள். பரப்ப வேண்டாம், தானே வட்டமாகும். குமிழ் வந்து உடையத் தொடங்கியதும் திருப்பிவிடலாம். மாவில் சர்க்கரையும் தேனும் இருப்பதால் தீ கூடினால் நிமிடத்தில் கருகிவிடும். மசாலா தோசை சுட்டுப் பழகிய இரும்புக் கல் வேண்டவே வேண்டாம், வெங்காய வாசனையோடு இனிப்பு யாருக்கு இறங்கும்?

வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் தேன் சேர்த்ததை அதற்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது, சுட்டதாக இருந்தாலும் சரி. பிள்ளையின் நண்பர்களும் வருகிறார்கள் என்றால் முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று முன்னாலேயே அவர்கள் வீட்டில் கேட்டுவிடுங்கள். டோரேமான் தட்டு தட்டாக உள்ளே தள்ளுகிறதே என்று பிள்ளையும் எண்ணிக்கை கேட்கும். அதற்கு ஒரே வழி, உள்ளங்கையைவிடச் சின்னதாகச் சுடுவது.

இன்னொரு பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது: கதையின் பெயரைச் சொல்லிக் காய் திணிப்பது. பூரணத்துக்குள் கேரட்டையும் பீட்ரூட்டையும் ஒளித்துவைத்தால் அன்றைக்குக் காய் இறங்கலாம். அடுத்த முறை எதை நீட்டினாலும் பிள்ளை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். பொரியல் தனியாகப் பொரியலாகவே வரட்டும்.

பிள்ளையை ஹாலில் உட்காரவைத்து, கடைசியில் தட்டை மட்டும் நீட்டுவதும் சரியில்லை. அடுப்புப் பக்கம் வேண்டாம். ஆறிய பான்கேக்கில் பூரணம் வைத்து, மேலே இன்னொன்றை மூடி, ஓரத்தை விரலால் அழுத்துவது அஞ்சு வயதுக்குச் சுலபமான வேலை. கோணலாக வந்தால் திருத்தாதீர்கள். சுட்டவற்றை ஈரத்துணியால் மூடிவைத்தால் காயாது. மிஞ்சினால் ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூரணத்தின் ஈரம் ஊறி, மறுநாள் இன்னும் மிருதுவாக இருக்கும்.