பிரிட்டிஷ் பாடத்திட்டத் தொடக்கப்பள்ளியில் குழந்தையைச் சேர்ப்பவர்களுக்கு

வெளிநாட்டில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களில் பலர், குழந்தைக்குப் பள்ளி தேடி அலைந்து, பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் ஒரு சிறிய பன்னாட்டுத் தொடக்கப்பள்ளியில் வந்து சேர்கிறார்கள். ஆண்டுப் பிரிவுக்கு ஒரே ஒரு வகுப்பறை, எல்லாக் குழந்தைகளையும் பெயர் சொல்லி அழைக்கும் தலைமையாசிரியர், பள்ளி வாசலில் அன்றாடம் பார்க்கக் கிடைக்கும் வகுப்பாசிரியர் என்று அமைந்த இத்தகைய பள்ளிகள் சிறு குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றவை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அங்கு நடப்பதை நாம் படித்த பள்ளியின் அளவுகோலால் அளக்கத் தொடங்கினால் முதல் ஆண்டு முழுவதும் வீண் கவலையிலேயே கழிந்துவிடும். குழந்தை எந்த வகுப்பில் அமர வேண்டும் என்பதை வயதும், அந்த வகுப்புக்குள் எந்த நிலையில் படிக்க வேண்டும் என்பதை ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வயதுக் கணக்கு இப்படித்தான் அமைகிறது. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்த குழந்தைகள் அனைவரும் ஒரே பிரிவில் படிப்பார்கள். 4 வயது நிறைந்தவர்கள் ரிசப்ஷன் வகுப்பிலும், 5 வயது நிறைந்தவர்கள் இயர் 1 வகுப்பிலும் செப்டம்பரில் சேர்கிறார்கள். ஆகஸ்ட் 28-இல் 5 வயதை எட்டிய குழந்தை சில நாட்களிலேயே இயர் 1-க்குப் போய்விடும். செப்டம்பர் 5-இல் 5 வயதை எட்டும் குழந்தையோ ரிசப்ஷனில்தான் இருக்கும். ஒரு வார இடைவெளியில் பிறந்த இருவருக்கிடையே பள்ளிக் கணக்கில் ஓர் ஆண்டு வேறுபாடு வந்துவிடுகிறது. 6 வயதில் ஒன்றாம் வகுப்பு தொடங்கும் முறையிலிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் திகைப்பாக இருக்கும். ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டு வந்த 7 வயதுக் குழந்தையை இங்கே இயர் 3-இல் அமர்த்துவார்கள். இடையில் ஒரு வகுப்பு விட்டுப்போய்விட்டதே என்று பதறி, ஒரு வகுப்பு கீழே போடும்படி கேட்கத் தோன்றும். பெரும்பாலான பள்ளிகள் அதற்கு இசைவதில்லை. இசையாததே நல்லது என்பேன். தன் வயதை ஒத்தவர்களோடு விளையாடிப் பேசிப் பழகும் குழந்தைக்குப் புதிய ஊரும் புதிய மொழியும் விரைவில் பிடிபடுகின்றன.

பள்ளி பின்பற்றுவது எந்தப் பாடத்திட்டம் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் இயர் 1, 2 ஆகியவை கீ ஸ்டேஜ் 1 என்றும், இயர் 3 முதல் 6 வரை உள்ளவை கீ ஸ்டேஜ் 2 என்றும் பிரிக்கப்பட்டுள்ளன. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தப் பாடத்திட்டத்தை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். வேறு சில பள்ளிகள் ஸ்டேஜ் 1 முதல் 6 வரை செல்லும் கேம்பிரிட்ஜ் பிரைமரி திட்டத்தைப் பின்பற்றிக்கொண்டே தங்களை பிரிட்டிஷ் பள்ளி என்று அழைத்துக்கொள்கின்றன. அதில் தவறொன்றும் இல்லை. எது என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும். பள்ளியின் தரத்தை அறிய, பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ் என்ற திட்டத்தின்கீழ் ஆய்வுக்கு உட்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் கல்வித்துறை அங்கீகரித்த ஆய்வு நிறுவனங்கள் நேரில் வந்து பார்த்து எழுதும் அந்த அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கும். இது பள்ளிகள் தாமாக முன்வந்து ஏற்கும் ஆய்வு என்பதால், அறிக்கை இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு சிறிய பள்ளியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அப்போது ஆசிரியர்களின் தகுதியையும், அவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் அங்கே தங்குகிறார்கள் என்பதையும் நேரடியாகக் கேளுங்கள்.

ரிசப்ஷன் வகுப்பில் நோட்டுப் புத்தகம் நிரம்பி வராது. மணல், தண்ணீர், கட்டைகள், வேடமிட்டு விளையாடும் மூலை என்று நாள் முழுவதும் விளையாட்டாகவே தெரியும். ஆசிரியர் அதனிடையே குழந்தையைக் கவனித்துக் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். ஏழு கற்றல் துறைகளில் பகுக்கப்பட்ட 17 இலக்குகளைக் குழந்தை எட்டியிருக்கிறதா என்பதை ஆண்டு முடிவில் அந்தக் குறிப்புகளைக் கொண்டே அவர் சொல்வார்.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது வாசிப்பு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தையிடம்கூட, இங்கே முதலில் ஒலிகளைத்தான் கேட்பார்கள். ஃபோனிக்ஸ் என்னும் இந்த முறையில் ஒவ்வோர் எழுத்தும் தரும் ஒலியைத் தனித்தனியே உச்சரித்து, அவற்றைக் கூட்டிச் சொல்லாக்க வேண்டும். ‘பி–ஐ–என்’ என்று எழுத்துகளின் பெயரைச் சொன்னால் அதிலிருந்து எந்தச் சொல்லும் பிறக்காது. ‘ப்–இ–ன்’ என்று ஒலியைச் சொன்னால் ‘பின்’ தானாக வந்துவிடும். இதில் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் இயல்பான வசதி இருக்கிறது. புள்ளி வைத்த மெய்யெழுத்து நமக்குப் பழக்கமானது. ‘ம’ என்று இழுக்காமல் ‘ம்’ என்று நிறுத்திச் சொல்வது நமக்கு எளிது. வீட்டில் உதவும்போது அந்தப் புள்ளியை மனத்தில் வைத்து ஒலிகளைச் சொல்லிக்கொடுத்தால், ஆசிரியர் வகுப்பில் சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் முரண்பாடு வராது. இங்கிலாந்தில் இயர் 1 முடியும் தறுவாயில் 40 சொற்களை உரக்கப் படிக்கவைத்து ஒரு சோதனை நடத்துவார்கள். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. மனப்பாடத்தால் அல்லாமல் ஒலிகளைக் கூட்டித்தான் குழந்தை படிக்கிறதா என்று அறியவே அப்படிச் செய்கிறார்கள். வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு இது கட்டாயமில்லை என்றாலும் பல பள்ளிகள் இதே முறையில் தாங்களும் சோதித்துப் பார்க்கின்றன.

குழந்தையின் பையில் ஒரு மெல்லிய கதைப் புத்தகமும் ஒரு சிறிய வாசிப்புக் குறிப்பேடும் வீட்டுக்கு வரும். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் நிறம் வாசிப்பு நிலையைக் குறிக்கும். அந்த நிறத்தை அடுத்த வீட்டுக் குழந்தையின் நிறத்தோடு ஒப்பிடாதீர்கள். நாள்தோறும் பத்து நிமிடம் அருகில் உட்கார்ந்து படிக்கக் கேட்டு, எந்தச் சொல்லில் தடுக்கியது, எங்கே சிரித்தது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மறுநாள் ஆசிரியர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். நூறு மின்னஞ்சல்களைவிட அந்த ஒரு வரி பயனுள்ளது.

கணிதத்தில் பாடம் மெதுவாகப் போகிறது என்பது நம்மவர்களின் வழக்கமான குறை. இயர் 1-இல் கூட்டலும் கழித்தலும் 20-க்குள்ளேயே நிற்கும். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டும் முறை இயர் 3-இல்தான் பாடத்திட்டத்தில் முறையாக வருகிறது. அதுவரை 10 என்பதை 7-ம் 3-ம், 6-ம் 4-ம் என்று பலவாறு பிரித்துச் சேர்க்கவும், படம் வரைந்தும் பொருள்களை அடுக்கியும் எண்களை உணரவும் பழக்குவார்கள். அவசரப்பட்டு வீட்டில் மேல்கீழ்க் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால், குழந்தை சரியான விடையைச் சொல்லிவிட்டு, ஏன் அப்படி என்று ஆசிரியர் கேட்கும்போது வாயடைத்து நிற்கும். வாய்ப்பாட்டை மட்டும் தயங்காமல் வீட்டில் பழக்கலாம். இயர் 2-இல் 2, 5, 10 ஆகியவையும், இயர் 4 முடிவதற்குள் 12 வரையிலான எல்லா வாய்ப்பாடுகளும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. இங்கிலாந்துப் பள்ளிகளில் இயர் 4 மாணவர்களுக்கு 25 பெருக்கல் கேள்விகள் கணினித் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் 6 விநாடிதான் நேரம்.

அறிக்கை அட்டையில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இருக்காது. குழந்தை தன் வயதுக்கு எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டியிருக்கிறதா, அதை நோக்கிச் செல்கிறதா, அதைக் கடந்து ஆழமாகக் கற்கிறதா என்று மட்டுமே எழுதியிருக்கும். எதிர்பார்க்கப்படும் நிலை என்பதைச் சுமார் என்று நாம் பொருள்கொண்டு வருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நிறைவான மதிப்பீடு. இயர் 6 முடிவில் இங்கிலாந்தில் நடக்கும் சாட்ஸ் தேர்வில்கூட 80 முதல் 120 வரையிலான அளவில் 100 எடுத்தால் எதிர்பார்த்த நிலையை எட்டியதாகக் கொள்வார்கள். இந்தத் தேர்வும் வெளிநாட்டுப் பள்ளிகளுக்குக் கட்டாயமில்லை.

ஆங்கிலம் அதிகம் பேசாத குழந்தை வகுப்பில் பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள்கூட வாய் திறக்காமல் இருக்கலாம். அந்த மௌனத்தில் அது கேட்டுக்கொண்டும் சேர்த்துக்கொண்டும் இருக்கிறது என்பதை மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். அதற்காக வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். தமிழில் நீளமாகக் கதை கேட்டு, காரணம் கேட்டு, வாதாடிப் பழகிய குழந்தைக்கு அந்தச் சிந்தனையும் சொல்வளமும் இரண்டாம் மொழிக்கும் துணைவருகின்றன. பெற்றோருக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சு சுருங்கிப்போனால் இரண்டு மொழியும் மெலியும். ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்பவர்களுக்குப் பள்ளி தரும் உதவி வகுப்புக்குள் நடக்குமா, தனியே அழைத்துச் சென்று நடத்துவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தையின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே ஆசிரியருக்குச் சொல்லிக்காட்டுங்கள். தவறாக அழைக்கப்பட்டால் திருத்தச் சொல்லும் துணிவு அந்த வயதில் குழந்தைக்கு இராது.

சிறிய பள்ளிக்கே உரிய சில நிலைமைகளும் உண்டு. மாணவர் குறைவாக இருந்தால் இயர் 3, 4 போன்ற இரு பிரிவுகளை ஒரே வகுப்பில் வைத்து, அறிவியல், வரலாறு போன்ற பாடங்களை ஈராண்டுச் சுழற்சியில் நடத்துவார்கள். நன்கு திட்டமிட்ட ஆசிரியர் இருந்தால் இது குறையே அல்ல. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைக் கவனிக்கும் பொறுப்பாளர் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே வருபவராக இருக்கலாம். அத்தகைய தேவை இருந்தால் சேர்க்கைக்கு முன்பே ஒளிக்காமல் பேசுங்கள். மறைத்தால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைதான். எல்லாவற்றிலும் முக்கியமானது, பள்ளி இயர் 6-உடன் முடிந்துவிடுகிறது என்பது. 11 வயதில் இயர் 7-க்கு எங்கே போவது என்ற கேள்வியை இயர் 5 தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுப்புங்கள். முன்பு படித்தவர்கள் எந்தெந்தப் பள்ளிகளுக்குச் சென்றார்கள் என்று அவர் சொல்வதைக் கேட்டாலே பள்ளியைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

இடையில் ஊர் மாற நேர்ந்தால், விலகுவதை ஒரு பருவத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், தவறினால் அந்தப் பருவத்தின் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்றும் பல பள்ளிகளின் ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்திடும் அன்றே அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். கிளம்பும்போது கடைசி அறிக்கை, வாசிப்பு நிலை, முடித்த ஆண்டுப் பிரிவைப் பிறந்த தேதியோடு குறிப்பிடும் கடிதம் ஆகிய மூன்றையும் பள்ளி முத்திரையுடன் கேட்டுப் பெறுங்கள். வேறு முறையில் இயங்கும் பள்ளியில் மீண்டும் சேர்க்கும்போது, இயர் 4 என்பது எந்த வகுப்புக்கு இணை என்ற கேள்விக்கு அந்தக் கடிதமே பதில் சொல்லும்.