மைண்ட் மேப்: தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

மைண்ட் மேப் என்றதும் பலருக்கும் கலர் கலராகக் கிளை விரிந்த ஒரு அழகான படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பாதித் தவறுகள் அங்கேயே ஆரம்பித்துவிடுகின்றன. அது யோசிப்பதற்கான தாள். பிறருக்குக் காட்டுவதற்கென்று வரைந்தால், ஏற்கெனவே முடிவு செய்ததைத்தான் வரைவோம். 1970களில் டோனி புசான் என்ற ஆங்கில எழுத்தாளர் இதைப் பிரபலமாக்கினார். நடுவில் விஷயம், சுற்றிலும் கிளைகள், கிளையிலிருந்து சிறு கிளைகள். முறை இவ்வளவுதான். சங்கமோ, சுய உதவிக் குழுவோ, பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையோ, எதை நடத்துகிறவருக்கும் இது உதவும். ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, நடுவில் என்ன எழுதுகிறோம் என்பது. நிறையப் பேர் ‘விற்பனை’, ‘வளர்ச்சி’ என்று ஒரு தலைப்பை எழுதிவிடுகிறார்கள். உடனே பணம், ஆட்கள், இடம், விளம்பரம் என்று கிளைகள் வரும். இதே கிளைகளை எந்தத் தலைப்பைச் சுற்றியும் போடலாம், புதிதாக ஒன்றும் கிடைக்காது. தலைப்புக்குப் பதில் ஒரு கேள்வியை எழுதுங்கள்.

மதுரையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதுதான் அவருடைய இலக்கு. அவர் மைண்ட் மேப் போட்டார் என்று சொல்லவில்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். நடுவில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதினால் டாக்டர், கட்டில், கருவி, கட்டணம் என்று கிளை பிரியும். ‘தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு ஏன் தொடர்கிறது?’ என்று எழுதினால், ‘கிராமத்தில் இருப்பவரால் மதுரை வரை வர முடியவில்லை’ என்று ஒரு கிளை வரும். அதிலிருந்து கண் முகாம். ‘கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை எட்டவில்லை’ என்று இன்னொன்று. அதிலிருந்து, லென்ஸை நாமே தயாரித்தால் என்ன என்ற யோசனை. 1992-இல் அரவிந்த், ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி லென்ஸ் தயாரித்தது அப்படிப்பட்ட ஒரு யோசனைதான். ‘ஆஸ்பத்திரி’ என்ற சொல்லிலிருந்து அது முளைத்திருப்பது கஷ்டம்.

அடுத்தது, மார்க்கர் யார் கையில் இருக்கிறது? தலைவர் போர்டு முன்னால் நின்று முதல் நாலு கிளையைப் போட்டுவிட்டு, “சொல்லுங்கப்பா” என்கிறார். “நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்” என்று பதில் வருகிறது. அதோடு கூட்டம் முடிந்தது. மரியாதை மட்டும் காரணமில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பதிலேயே யோசனைகள் நழுவிவிடுகின்றன என்று டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதனால் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பத்து நிமிடம் பேச்சில்லாமல் வரையச் சொல்லுங்கள். எழுத வராதவர்கள் படமாகப் போடட்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் எழுதித் தரட்டும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் சேருங்கள். தலைவரின் தாள் கடைசியாக வரட்டும்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் கவனிக்காதது: கிளைகளை வரைந்ததோடு நிறுத்திவிடுவது. உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போடும் விவசாயிகள் குழு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். நடுவில், ‘பூ மலிந்துபோகும் மாதங்களில் நஷ்டப்படாமல் இருப்பது எப்படி?’ சுற்றிலும் செடி, பறிப்பு, சந்தை, முகூர்த்தம், சென்ட் கம்பெனி. செடிக் கிளையில் ‘நவம்பர் கடைசியில் கவாத்து’, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, என்று இருக்கிறது. அப்படி வெட்டினால் மார்ச்சிலிருந்து பூ வரும், கோடையில் குவியும், விலை இறங்கும். தாளின் எதிர்மூலையில் ‘தை முகூர்த்தம்’ இருக்கிறது. அப்போது பனியால் பூ குறைவு, மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விலை எகிறும். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, ‘எல்லாத் தோட்டத்தையும் ஒரே நேரத்தில்தான் வெட்டணுமா?’ என்று கோட்டின் மேலேயே எழுதுங்கள். இப்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும். அது நடக்குமா என்பதைத் தண்ணீரும் மண்ணும் சொல்லும், தோட்டக்கலை அலுவலரிடமும் கேட்க வேண்டும். ஆனால் கேள்வி பிறந்தது அந்தக் கோட்டில்தான். கோட்டின் மேல் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொல் இல்லாத கோட்டை அடுத்த வாரம் பார்த்தால் எதற்கு இழுத்தோம் என்றே தெரியாது. 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழு உருவாக்கிய கருத்து வரைபடம் (concept map) என்ற இன்னொரு முறையில், கோட்டின் மேல் சொல் எழுதுவது விதியின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

கிளைக்கு ஒரு சொல்தான் என்பது புசானின் விதி. தனியாகக் குறிப்பெடுக்கும்போது அது சரி. குழுவில் வெறும் ‘சந்தை’ என்று எழுதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், அதனால் இரண்டு மூன்று சொல் எழுதலாம். முழு வாக்கியம் மட்டும் வேண்டாம். கலர் பேனாவுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். எக்ஸ்மைண்ட், ஃப்ரீப்ளேன் போன்ற மென்பொருள்கள் நல்லவைதான். ஆனால் அவற்றை முதல் கூட்டத்தில் திறந்தால் ஒருவர் டைப் செய்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

வரவு செலவுக்கும், எது முன்னே எது பின்னே என்ற வேலை வரிசைக்கும் மைண்ட் மேப் வேண்டாம். அதற்கு ஒரு சாதாரணப் பட்டியலே போதும்.

கடைசியாக, தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் வேலை முடிந்ததாக நினைப்பது. கூட்டம் கலையும் முன்பே இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுத்து, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே தாளை ஒட்டி, நடந்ததை டிக் அடியுங்கள். சரிவராத கிளையை அடித்துவிட்டு, ஏன் சரிவரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நடுவில் இருக்கும் கேள்வியே தப்பு என்று தெரிந்தால் மட்டும் புதுத் தாள் எடுத்தால் போதும்.