பழைய ஐ7, புதிய ஐ3: இரண்டு தலைமுறை ப்ராசஸர்களை நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பெட்டியின் மேல் ஐ7 என்று போட்டிருந்தால் அது ஐ3-ஐ விட வேகமானது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள் அது பெரும்பாலும் சரி. தலைமுறை மாறினால் அந்தக் கணக்கு எடுபடாது. இதை எப்படிச் சோதிப்பது என்பதை ஒரு ஜோடியை வைத்தே பார்ப்போம்: 2017 ஜனவரியில் வந்த இன்டெல் கோர் ஐ7-7700கே, 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3-12100. உங்களிடம் இருப்பது வேறு ஜோடி என்றாலும், ஏஎம்டி ரைசன் என்றாலும், முறை இதேதான்.

படி 1: விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியு-வைத் தேர்ந்தெடுங்கள். ப்ராசஸரின் பெயர், கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கை, லாஜிக்கல் ப்ராசஸர் எண்ணிக்கை (இதைத்தான் த்ரெட் என்கிறோம்), கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன அதிவேக நினைவகம்) அளவு எல்லாம் அங்கேயே இருக்கும். இன்னும் விவரம் வேண்டுமென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும்.

நம் ஜோடிக்கு எழுதினால் இப்படி வரும்:

- ஐ7-7700கே: 4 கோர், 8 த்ரெட், அதிகபட்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 8 எம்பி
- ஐ3-12100: 4 கோர், 8 த்ரெட், அதிகபட்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 12 எம்பி

கோரும் த்ரெட்டும் சமம். கிகாஹெர்ட்ஸில் பழையதுதான் ஒரு படி மேலே. காகிதத்தை மட்டும் பார்த்தால் பழைய ஐ7 ஜெயிக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் ஐ3 தெளிவாக முந்துகிறது.

காரணம், ஒரு துடிப்புக்கு (விநாடிக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்பதுதான் கிகாஹெர்ட்ஸ்) எவ்வளவு வேலை முடிகிறது என்பது. இதை ஐபிசி என்பார்கள். சின்னக் கூடையோடு வேகமாக நடப்பவரைவிடப் பெரிய கூடையோடு கொஞ்சம் நிதானமாக நடப்பவர் அதிக மண் சுமந்துவிடுவார். 12-ஆம் தலைமுறையின் கோர் ஒரே நேரத்தில் அதிகக் கட்டளைகளை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமானது. ஒவ்வொரு கோருக்கும் உரிய எல்2 கேஷும் 256 கேபி-யிலிருந்து 1.25 எம்பி ஆகிவிட்டது. தேவையான தரவு கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ராம் வரை போய்க் காத்திருக்கும் நேரம் குறைகிறது.

இது புதிய கதையும் இல்லை. 2004-இல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. 2006-இல் வந்த கோர் 2 டுயோ இ6600 வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியே அதை ஓரங்கட்டியது. வெவ்வேறு தலைமுறைகளுக்கு நடுவே கிகாஹெர்ட்ஸை வைத்து முடிவு சொல்பவரை நம்ப வேண்டாம்.

படி 2: களத்தைச் சமமாக்குங்கள்

பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இங்கேதான், அதனால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இரண்டு கணினியிலும் ஒரே விண்டோஸ் பதிப்பு, ஒரே மென்பொருள் பதிப்பு, ஒரே பவர் மோடு இருக்க வேண்டும். பிரவுசரை மூடுங்கள். பின்னணியில் அப்டேட் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். சும்மா இருக்கும்போது சிபியு பயன்பாடு ஓரிரு சதவீதத்துக்கு இறங்கிய பிறகு தொடங்குங்கள்.

அடுத்தது ராம். ஒன்றில் ஒரே ஒரு ராம் ஸ்டிக், மற்றதில் இரண்டு என்றால் அது நியாயமான போட்டி அல்ல. இரண்டு ஸ்டிக் இருந்தால்தான் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழியில் தரவு போகும்படி, ஓடும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யை (ராமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் வேகமான ராமும் அதன் அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதையும் சிபியு-இசட்டின் மெமரி பகுதியில் பார்க்கலாம். அங்கே டிடிஆர் ராமின் வேகம் பாதியாகத் தெரியும். 1600 என்று இருந்தால் அது 3200 ராம். பயப்பட வேண்டாம்.

தலைமுறை மாறும்போது மதர்போர்டும் மாறும், ராமின் வேகமும் மாறலாம். அவற்றை முழுக்கச் சமமாக்க முடியாது. எது சமமில்லை என்று குறித்து வைத்தால் போதும்.

பழைய கணினியில் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை) காய்ந்திருக்கும், கூலரில் தூசி அடைத்திருக்கும். அப்படியே சோதித்தால் நீங்கள் அளப்பது ப்ராசஸரை அல்ல, தூசியை.

படி 3: ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள்

ப்ராசஸரை ஒரு படத்தை வரைய வைத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். மல்டி கோர், சிங்கிள் கோர் என்று இரண்டு சோதனை இருக்கும். முதலில் மல்டி கோர். இயல்பாகவே அது குறைந்தது 10 நிமிடம் ஓடும், அதைக் குறைக்காதீர்கள். முதல் ஒரு நிமிடத்தில் ப்ராசஸர் குளிர்ச்சியாக இருப்பதால் நன்றாக ஓடும். சூடேறிய பிறகு என்ன செய்கிறது என்பதுதான் நமக்குத் தேவை. அப்புறம் சிங்கிள் கோர்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி, நடுவில் வரும் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். ஆர்23-இல் வந்த மதிப்பெண்ணை சினிபெஞ்ச் 2024-இன் மதிப்பெண்ணோடு ஒப்பிடக்கூடாது, இரண்டின் அளவுகோலும் வேறு.

ஃபைல்களைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருள் இருந்தால் அதன் டூல்ஸ் மெனுவிலேயே பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருக்கிறது. டிக்‌ஷனரி அளவும் த்ரெட் எண்ணிக்கையும் இரண்டு கணினியிலும் ஒன்றாக இருக்கட்டும். அதில் கம்ப்ரெஸ்ஸிங், டீகம்ப்ரெஸ்ஸிங் என்று தனித்தனி எண் வரும். சுருக்கும் வேலை ராமையும் கேஷையும் அதிகம் நம்பியிருப்பது. விரிக்கும் வேலை பெரும்பாலும் கோரின் சொந்தத் திறமை. அதனால் இரண்டிலும் வித்தியாசம் ஒரே அளவில் வராது.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது உங்கள் சொந்த வேலையைத்தான். வீடியோ மாற்றுபவர் என்றால் ஒரே வீடியோவை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஒரே அமைப்போடு இரண்டிலும் மாற்றி, எடுத்த நேரத்தைக் குறியுங்கள். வன்பொருள் என்கோடரை (வீடியோ மாற்றுவதற்கென்றே உள்ள தனிச் சுற்று) தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அப்போது கோர்களுக்குப் பெரிய வேலை இருக்காது. விளையாட்டு என்றால் ஒரே கிராஃபிக்ஸ் கார்டை இரண்டிலும் மாற்றிப் போட்டு, ரெசல்யூஷனைக் குறைத்துச் சோதியுங்கள். அதிக ரெசல்யூஷனில் கார்டுதான் திணறும். இரண்டு ப்ராசஸரும் ஒரே எண்ணைக் காட்டும்.

படி 4: சூட்டையும் மின்சாரத்தையும் பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை சென்சார்ஸ் மட்டும் என்ற முறையில் திறந்து வைத்துவிட்டு சோதனையை ஓட்டுங்கள். மூன்று வரி போதும்: கோர் வெப்பநிலை, சிபியு பேக்கேஜ் பவர் (ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம்), தெர்மல் த்ராட்லிங். கடைசி வரியில் "யெஸ்" என்று வந்தால் ப்ராசஸர் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்திருக்கிறது. அந்த ஓட்டத்தின் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூலரைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள்.

படி 5: கணக்கு

மதிப்பெண் என்றால் புதியதைப் பழையதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்கினால் சதவீதம். நேரத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு வீடியோ பழையதில் 200 விநாடி, புதியதில் 150 விநாடி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மிச்சமான நேரம் 25 சதவீதம். ஆனால் வேகம் கூடியது 33 சதவீதம், ஏனென்றால் 200-ஐ 150-ஆல் வகுத்தால் 1.33. இரண்டும் உண்மைதான், எதைச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள்.

மின்சாரத்தையும் இதோடு சேர்க்கலாம். அதே உதாரணத்தில் பழையது 90 வாட், புதியது 60 வாட் இழுத்ததென்றால், முதலாவது 18,000 ஜூல், இரண்டாவது 9,000 ஜூல். வாட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுபோல் தெரிந்தாலும், வேலை சீக்கிரம் முடிவதால் செலவு சரிபாதியாகிவிடுகிறது.

படி 6: இணையத்தில் கிடைக்கும் எண்களோடு சரிபாருங்கள்

உங்கள் எண் மற்றவர்களுடையதற்கு அருகில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் தேதியைக் கவனியுங்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. 7700கே போன்ற பழைய ப்ராசஸர்களுக்கு மென்பொருள் வழியாகத்தான் ஒட்டுப் போட்டார்கள், அதனால் சில வேலைகளில் வேகம் குறைந்தது. 2017-இல் எழுதப்பட்ட விமர்சனத்தின் எண் இன்றைய விண்டோஸில் அப்படியே வராமல் போகலாம். 12-ஆம் தலைமுறையில் மெல்ட்டவுனுக்கான தீர்வு சிப்பிலேயே இருக்கிறது.

படி 7: மாற்றலாமா?

சிங்கிள் கோரில் மட்டும் வித்தியாசம் தெரிந்து, உங்கள் வேலை கிராஃபிக்ஸ் கார்டை நம்பியிருந்தால் அவசரமே இல்லை. மாறத்தான் வேண்டுமென்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். 7700கே மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை. இன்டெலின் வழக்கமான டெஸ்க்டாப் வரிசையில் அந்தப் பட்டியல் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம், 12100-ஐப் பழைய போர்டில் செருக முடியாது. அதற்கு எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள மதர்போர்டு வேண்டும். டிடிஆர்4 ஏற்கும் போர்டாகப் பார்த்து வாங்கினால் இருக்கிற டிடிஆர்4 ராமை அதிலேயே போட்டுக்கொள்ளலாம். கூலரை வைத்துக்கொள்ள நினைத்தால், புதிய சாக்கெட்டின் துளைகளுக்குப் பொருந்தும் மவுண்டிங் கிட் அதற்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.